கதவு எண்

மலைச்சரிவில் சுக்குநாறிப் புல்லுக்குள்
சிவப்புக் கோடொன்று மூன்று இரவாய் ஊர்ந்ததைத்
தெருவில் நின்று பார்த்தோம்.
நாலாம் நாள் மத்தியானம் காற்று திரும்பியது.
அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல
என்னிடம் இருப்பது தாலுகா ஆபீஸ் படிவம் மட்டும்.

வரிசை எண். குடும்பத் தலைவர். கதவு எண்.
முழுச் சேதமா, பகுதிச் சேதமா, ஒன்றை மட்டும் குறிக்கவும்.

கிராம உதவியாளர் நான். எழுதுவது வேலை.
பொத்தையடித் தெரு, நாற்பத்தொரு வீடு.
கதவு எண் என்னவென்று கேட்டதற்கு
"கதவையே காணலையே தாயி" என்றார் உய்க்காட்டான்.
சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.
அப்புறம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
மை இருந்த பேனாவை உதறினேன்.

கால்நடை: ஆடு ஒன்பது.
"அறுத்து விட்டிருக்கலாம்" என்றார்,
"அருவா இடுப்புலதான் இருந்துச்சு."
அதை எழுதக் கட்டம் இல்லை.

கோமதிநாச்சி வீட்டில் எல்லாம் போய்
மண்ணடுப்பு மட்டும் அப்படியே.
இது முழுசா, பகுதியா?
வி.ஏ.ஓ. போனில் கொஞ்சம் யோசித்தார்.
முழு என்று போடச் சொன்னார்.

ரேஷன் கார்டு எரிந்தால் கைரேகை போதுமாம்.
பேராச்சி கட்டைவிரலை வைத்தாள்.
முப்பது வருசம் பீடி சுற்றி மழுங்கிய விரல்.
துடைத்து வைத்தாள், எச்சில் தொட்டு வைத்தாள்.
இப்படி ஓர் ஆளே இல்லை என்றது மெஷின்.
"தீ பிடிக்கதுக்கு முன்னாலயும் இதைத்தான் சொல்லிச்சு."

சேலைகள் வந்தன, மூட்டை மூட்டையாய்.
ஒற்றைச் செருப்புகள், கம்பளிச் சட்டை,
யாரோ படித்து முடித்த பத்தாம் வகுப்புக் கைடு.
பீடிக்கடைக்காரர் மட்டும் நோட்டோடு வந்தார்:
கொடுத்த இலை இவ்வளவு, தூள் இவ்வளவு,
திரும்பி வராத பீடி
பதினெட்டாயிரத்து நானூறு.

மேலப்பாளையத்திலிருந்து லோடு ஆட்டோவில்
மைதீன் பாத்துவும் பதிமூன்று பேரும் இறங்கியபோது
இன்னும் சேலையோ என்று நினைத்தேன்.
ஈரச் சாக்கில் இலை. டப்பாவில் தூள்.
தங்கள் பங்கில் தினம் கிள்ளிச் சேர்த்தது.
"கணக்கு எவ்வளவு சொல்லுதான் அந்த ஆளு?"
பள்ளிக்கூட வராந்தாவில் முறத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

கத்தரிச் சத்தம், நாள் முழுக்க.
யார் மகளுக்கு எத்தனை பவுன், எந்த டாக்டர் கைராசி.
தீயைப் பற்றி ஒரு பேச்சில்லை.
சாயங்காலம் பேராச்சிதான், நூல் சுற்றிக்கொண்டே:
"கொளுத்தத்தானே இதையும் சுத்துதோம்."
கத்தரிகள் நின்றன.
மைதீன் பாத்துவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது,
புரையேறும்வரை.

தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெரு அது.
அகலப்படுத்த யார் இடம் விடுவது என்று
சாம்பலில் நின்றே சண்டை.
சுடலைக்கண்ணும் மச்சினனும்
ஒரு வேலிக்காகப் பன்னிரண்டு வருசம்
அம்பை கோர்ட்டுக்கு அலைந்தவர்கள்.
வேலி இப்போது இல்லை.
என் டேப்பைப் பிடுங்கி ஆளுக்கொரு முனை பிடித்தார்கள்.
பேச்சு இல்லை. இழுத்த இழுப்பில்
ஒன்பதாவது அடியில் டேப் அறுந்தது.
இரண்டடி உள்ளே தள்ளி முளை அடித்தான் சுடலைக்கண்ணு.
மறுநாள் மச்சினன், ஒன்றரை.

ஆனியில் சாரல். மலை கரைந்து வந்து
குளம் ஒரு வாரம் கறுத்துக் கிடந்தது.
என் படிவமும் திரும்பி வந்தது:
'கதவு எண் நிரப்பப்படவில்லை.'

போனேன். நாலு மூலைக்கும் கயிறு கட்டிய
வெறும் தரையில், நிலையோடு ஒரு கதவு நின்றது.
மேலப்பாளையத்தில் இடித்த வீட்டுப் பச்சைக் கதவு.
யாருடைய எண்ணோ, வெள்ளைப் பெயின்டில் 17/4.
"எழுதிக்கிடு தாயி."
பழையதையா, இதையா?
பதில் சொல்லாமல் தாழை நீக்கித் திறந்தார் உய்க்காட்டான்.
சுவர் இல்லை; எந்தப் பக்கமாகவும் போகலாம்.
செருப்பைக் கழற்றிவிட்டு
கதவு வழியாகவே உள்ளே போனேன்.