திட்ட விலக்கம்

படிவத்தின் ஏழாம் கட்டம்
குடும்ப ஆண்டு வருமானம் கேட்டது,
எண்ணில் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை.
அப்பாவிடம் கேட்டேன்.
வலையை உதறிக்கொண்டே
'எந்த ஆண்டு?' என்றார்.

சனிக்கிழமை நாலாயிரத்துக்குச் சாளை.
மண்ணெண்ணெய் போக, வள்ளக்காரர் பங்கு போக
மீதி நாலு பேருக்கு.
ஞாயிறு கோயில்.
திங்கள் முதல் வியாழன் வரை
எண்ணெய்ச் செலவு மட்டும் வரவு.
குறும்பனையில் வெள்ளிக்கிழமை என்றால்
கடன் கேட்கும் நாள்.

எனக்குக் கடலையே எண்ணத் தெரியும்.
விலங்கியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு.
ஒரு மில்லி நீரைக் கண்ணாடிக் கட்டத்தில் விட்டு
மிதவை உயிரிகளை எண்ணி
பெருக்கிப் பெருக்கி
முட்டம் கடலுக்கே கணக்குச் சொல்வேன்.
கூடவே எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதையும்
சொல்லியாக வேண்டும்.
அதைச் சொல்லாத எண்ணை
எங்கள் துறையில் யாரும் சேர்ப்பதில்லை.

கிராம நிர்வாக அலுவலர் நிமிராமல் எழுதினார்:
எழுபத்திரண்டாயிரம்.
எனக்கு முன்னால் நின்ற செல்ஜாவுக்கும்
எழுபத்திரண்டாயிரம். அவள் அப்பா கத்தாரில்.
பின்னால் நின்ற விமல்ராஜுக்கும் அதே.
அவன் அப்பா
ஒக்கிக்குப் பிறகு திரும்பவில்லை.
தெரு முழுக்க ஒரே எண்.
திட்ட விலக்கம் பூஜ்யம்.
இப்படியொரு அட்டவணையை நான் நீட்டியிருந்தால்
பேராசிரியர் கேட்டிருப்பார்,
'கடல்ல எடுத்ததா, கற்பனையில எடுத்ததா?'

பிறகு தக்கலைக்கு மூன்று நடை.
ரேஷன் அட்டையில் சிலுவைதாசன்.
ஆதாரில் சிலுவை தாசன்.
நடுவில் ஒரு சின்ன இடைவெளி;
ஒரு பருவம் முழுதும் அதற்குள் விழுந்தது.

உயிர் அறிவியலைத் தேர்ந்த காரணம்,
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.
மனிதகுல மேம்பாடு என்று தொடங்கினேன்.
வேதியியலுக்கு நாலு மதிப்பெண் குறைந்ததை
எழுதவில்லை.
சாளையின் வயிற்றைக் கீறி
உருப்பெருக்கியில் வைத்த முதல் நாள்
கண்ணாடிப் பெட்டிகள் போல டயாட்டம்கள் மினுங்க
மதியச் சோறு மறந்து உட்கார்ந்திருந்தேனே,
அதையும் எழுதவில்லை.
இடம் இருந்தது. கூச்சமும் இருந்தது.

மார்ச்சில் வந்தது, பன்னிரண்டாயிரம்.
கட்டணத் தேதி தாண்டி,
கம்மல் குளச்சலில் அடகு போன பிறகு.
ஆய்வகத்தில் கைபேசி துடித்தபோது
கையெல்லாம் செதில்.

கம்மலை மீட்டு, வட்டி கட்டி,
மிச்சத்தை அம்மாவிடம் கொண்டுபோனேன்.
என் ஆய்வேட்டுக்கு மாதம் முப்பது மீன்
விற்கும் பெட்டியிலிருந்து எண்ணித் தந்தவள்.
ஃபார்மலின் பட்டால் குழம்புக்கும் ஆகாது;
ஆறு மாதம், நூற்றியெண்பது சாளை
போனது போனதுதான்.

வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.
அவள் வியாபாரி.
'எழுதிக்கோ' என்றாள்.
ஆனியில எரநூறு.
ஆடியில முந்நூத்தம்பது, கரையில மீனே இல்ல.
ஆவணி எரநூத்திப்பத்து.
புரட்டாசியில கொட்டிக் கெடந்துது, எம்பது வையி.
அப்படியே கார்த்திகை வரை,
தாள் இல்லாமல், தடுமாறாமல்.
ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.
ஆறு மாதத்துக்கு ஆறு எண்,
ஒன்றுபோல் ஒன்று இல்லை.

'வயித்துல என்னடி இருந்துது?'
ஆடியில் முப்பதில் பத்தொன்பது காலி என்றேன்.
'அதான் நெய்யே இல்லாமக் கெடந்துது' என்று
அந்த மாதத்துக்கு மட்டும்
ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டாள்.