இழுக்கத் தெரியாதவன்

தகராசுகா போகும் ரயிலில்
எங்கு பார்த்தாலும் பூங்கொத்து.
நாடகம் பார்க்கப் போகும் பெண்கள்
கைக்கண்ணாடியில் உதட்டுச் சாயம் சரிபார்க்கிறார்கள்.
என் மடியில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு,
ஓரம் பழுத்தது, நடுவே தேநீர்க் கறை.
பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள்:
நீங்கள் யாருடைய ரசிகை?
ஒரு கிடங்குக்காரனுடைய ரசிகை, என்றேன்.
ஆண்வேடம் கட்டும் புதுமுகம் என்று நினைத்திருப்பாள்.
நல்லது, பார்க்கிறேன், என்றாள்.

அவனுக்கு முகமே கிடையாது.
கையளவு திரையில் சில புள்ளிகள்,
அவை சேர்ந்தால் ஆள்.
எண்பத்திரண்டில், இந்த ஊரின் ஒரு சின்ன நிறுவனம்
அவனை உலகத்துக்கு அனுப்பிவைத்தது.
சோகோபான் என்றால் கிடங்குக் காவலன்.
வேலை எளிது.
பெட்டியைத் தள்ளு, குறி போட்ட இடத்தில் சேர்.
ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று.
தள்ளலாம்,
இழுக்க முடியாது.

பேய் துரத்தவில்லை. துப்பாக்கி இல்லை.
தாமதமானால் அதட்டும் மணியும் இல்லை.
பெட்டிக்கும் உன் மேல் பகை இல்லை.
எல்லாக் கெடுதலும் நீயே செய்தது.
சுவரோரம் ஒரு கட்டம் அதிகமாய்த் தள்ளினாய்,
மூலை அதை வாங்கிக்கொண்டது.
வாங்கியதைத் திருப்பித் தரும் பழக்கம்
மூலைக்குக் கிடையாது.

இதில் எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன்:
தோற்றுவிட்டாய் என்று அது சொல்லவே சொல்லாது.
விடிய விடிய நடக்கலாம்,
மற்ற பெட்டிகளை ஒழுங்காக அடுக்கலாம்,
எப்போதோ முடிந்துபோன ஓர் அறைக்குள்.
பதின்மூன்று வயதில் ஒரு கோடை முழுக்க
அப்படித்தான் இருந்தேன்.
நாடாவை இரவல் கொடுத்த மொரிமுனெ
பள்ளி திறந்ததும் திருப்பிக் கேட்டான்.
பதினேழாம் அறை தீரவில்லை.
நோட்டில் வரைந்துகொண்டு கொடுத்துவிட்டேன்.

பிறகு அவன் கடல் தாண்டினான், சட்டை மாற்றினான்.
எங்கெங்கோ யார் யாரோ
அவனுக்குப் புதிது புதிதாகச் சுவர் எழுப்பினார்கள்.
கணித அறிஞர்கள் உட்கார்ந்து நிரூபித்தார்கள்:
இது கடினம், எந்திரத்துக்கும் கடினம்.
மொரிமுனெவிடம் நான் சொன்னதுதான்.
அவன் நம்பவில்லை.

தகராசுகாவில் இறங்கினேன்.
அந்த நிறுவனம் எந்தத் தெருவில் இருந்தது,
தெரியாது. தேடவும் வரவில்லை.
பூங்கொத்துகள் ஒரு பக்கம் போயின,
நான் நாடக அரங்கின் பின்பக்கம் போனேன்.

அங்கே ஓர் இளைஞன்,
கழுத்தில் துண்டு, காலில் ரப்பர் காலணி,
குறுகலான வாசல்,
இரண்டு உடைப் பெட்டிகள், ஒன்று பச்சை.
தள்ளுகிறான். பச்சை போய்ச் சுவரில் ஒட்டுகிறது.
என் வயிறு கலங்கியது.
வேண்டாம், என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்,
முதலில் மற்றதை!
திரும்பிப் பார்த்தான். ஐம்பத்தைந்து வயதுப் பெண்,
கையில் நோட்டு, கண்ணில் பதற்றம்.
ஏன் என்று கேட்காமல் தலைகுனிந்து வணங்கினான்.
பிறகு பச்சைப் பெட்டியின் பிடியைப் பற்றி,
சும்மா,
இழுத்தான்.

அது வந்தது!
நாற்பது வருடச் சட்டம்
சக்கரங்களில் கடகடவென்று வந்தது.
சிரிப்பை அடக்க
நதிக்கரை வரை நடக்கவேண்டியிருந்தது.

ஆனாலும் ஒப்பவில்லை.
ஒரு கல்லில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து
அந்த வாசலை வரைந்தேன்: சுவர், சந்து, இரண்டு பெட்டி.
இழுக்காமலும் முடியும்.
ஒன்பது தள்ளல்.
பச்சையைத் தொடும் முன்
ஒருமுறை சுற்றிப் பின்னால் போயிருக்கவேண்டும்,
அவ்வளவுதான்.
பக்கத்தைத் திருப்பினால் பதினேழாம் அறை.
பென்சில் முனை ஒடிந்திருந்தது.

திரும்பும் ரயிலில் அதே பெண்,
பூங்கொத்து இல்லை, அழுத கண்கள், கரகரத்த குரல்.
உங்கள் ஆள் எப்படி?
இன்னும் வெளியே வரவில்லை, என்றேன்.
காத்திருக்கத்தான் வேண்டும், என்றாள்,
எல்லாம் தெரிந்தவள்போல,
கைப்பையைத் துழாவி
ஒரு பேனாவை என் பக்கம் தள்ளினாள்.