கிளீவ்லாந்தின் ரகரம்

பெர்பாங்க்கில், ஏழாம் எண் படப்பிடிப்புக் கூடத்துக்குள்
கிளீவ்லாந்து இருக்கிறது.
பிளைவுட்டில் செங்கல் சுவர், காகிதக் கூழில் பனி.
வெளியே தார் உருகும் வெயில்.
கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்தபடி
பிணப் பரிசோதகர் வேடத்தில்
லோர்னா ஸ்கெல்டன்.

பிறந்தது கிரிம்ஸ்பி. வடகடலோரம், மீன் துறைமுகம்.
அம்மாவுக்கு உறைமீன் ஆலையில் இருபத்தாறு வருட இரவு ஷிப்ட்.
அந்த ஊரில்
சொல்லின் ஈற்றிலோ மெய்க்கு முன்னோ வரும் ரகரத்தை
யாரும் வாயில் வைத்துக்கொள்வதில்லை.
எழுத்தில் உண்டு, அவ்வளவுதான்.
அம்மாவுக்கு மகள் கடைசிவரை
லோனா.

வந்த புதிதில் மூன்று மாத விசா,
மூன்று பேரோடு ஓர் அறை, ஒரு இஸ்திரிப் பெட்டி.
கிடைத்தவை:
விஷம் கலக்கும் செவிலி,
விமானம் விழுவதற்குமுன் தேநீர் கேட்கும் பயணி,
ஒருமுறை வெறும் பிணம்.
பிணத்துக்கு உச்சரிப்பு வேண்டாம்.
மூச்சுவிடாமல் கிடந்ததற்கு நல்ல பேர்.
அதே மேசையின் மறுபக்கம் வந்து நிற்க
பதினோரு வருடம்.

அமெரிக்க ரகரத்துக்கு
நாக்கை உள்ளே மடக்கி
அண்ணத்தைத் தொடப்போய், தொடாமல், நிறுத்த வேண்டும்.
நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு.
நம்மில் பாதிப் பேருக்கு வராததை
அவள் நெடுஞ்சாலை நெரிசலில் கற்றாள்,
வானொலியில் போக்குவரத்துச் செய்தி சொல்பவனை
ஒவ்வொரு விபத்தாகத் திருப்பிச் சொல்லி.

ஞாயிறு தோறும் அம்மாவுக்கு போன்.
'டிவிக்காரி மாதிரிப் பேசுற.'
'டிவிக்காரிதானே அம்மா.'
'எங்கிட்ட எதுக்கு?'

நான்காவது சீசன், ஒரு செவ்வாய், விடிகாலை நாலு மணி.
தங்கை டெனிஸ் அழைத்தாள்.
அதற்குமேல் அதில் எழுத எதுவுமில்லை.
விமானம் மறுநாள் மாலை.
அன்றைக்குக் கூடம் வாடகைக்கு எடுத்தாயிற்று,
பனியும் கொட்டியாயிற்று.

காட்சி நாற்பத்தொன்று.
மேசையில் கிடத்தியிருப்பது அறுபது வயதுப் பெண்.
வசனம் ஒன்றே ஒன்று:
இவள் யாருக்கோ மதர்.
லோர்னா துணியை இழுத்து மூடினாள்,
கால் விரல்கள் வெளியே தெரிந்தன, மறுபடி இழுத்தாள்,
சொன்னாள்.

யாரும் கட் சொல்லவில்லை.
விளக்குப் பிடித்திருந்தவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.
அபாரம் என்றார் இயக்குநர், மெல்ல, வெகுநேரம் கழித்து.
ஒலிப்பதிவாளர் ஒஃபீலியா மட்டும்
ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு
யாரையும் பார்க்காமல் சொன்னாள்:
'ஆர் விழுந்துடுச்சு.'

மதா.
மதா என்றிருந்தாள்.

அடக்கம் முடித்துத் திரும்பிய வாரம்
இருட்டான டப்பிங் அறை, ஒரு மைக்,
எதிர்த் திரையில் அழும் தன் முகம்.
மதர் என்றாள். உதட்டோடு சேரவில்லை.
மதர். கொஞ்சம் முன்னால் விழுந்தது.
மதர். மதர்.
பதினேழாவது தடவை பொருந்தியது.
அந்த எபிசோடில் இன்றும்
வாய் கிரிம்ஸ்பியில் அழ,
குரல் கிளீவ்லாந்தில் பேசும்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.
ஒரு விருதுப் பட்டியலில்கூட அவள் பெயர் வந்தது,
பட்டியலோடு நின்றது.

ஆறாவது சீசனோடு மூடிவிட்டார்கள்.
பிளைவுட் நகரம் லாரியில் போயிற்று.
பிறகு, யார்க்‌ஷயர் விடுதிக்காரி வேடத்துக்குப் போனபோது
இளைஞன் ஒருவன் பணிவாகக் கேட்டான்,
இன்னும் கொஞ்சம் இங்கிலாந்து சேர்க்க முடியுமா?
சேர்த்தாள்.
வேலை கிடைத்தது. அம்மாவின் குரலில் பாதியைக் கொடுத்து
எட்டு வாரச் சம்பளம்.

இன்று தபாலில் ஒரு காசோலை.
பல்கேரியாவில் மறு ஒளிபரப்பு, நான்காவது சீசன்,
அதே எபிசோட்.
ஒரு டாலர் பதினான்கு சென்ட்.
சோபியாவில் ஏதோ ஓர் அறையில்
முகம் தெரியாத ஒருத்தி
மைக் முன் நின்று
அவளுடைய அம்மாவுக்காக அழுதிருக்கிறாள்,
எந்த ஊர் ரகரத்திலோ,
எத்தனை தடவையோ.

வங்கிக்குப் போனாள்.
வாசலில் கார் நிறுத்த
இரண்டு டாலர்.