கையிருப்பில் இல்லை

முதல் இரண்டு கிழமையும் கையால்தான் எழுதினேன்,
துண்டின் ஓரத்தில், மருந்தின் பெயருக்கு நேரே:
கையிருப்பில் இல்லை.
ஒரு காலைக்கு நூற்றிமுப்பது தரம்.
பெருவிரல் மூட்டு வீங்கிய பிறகு
நெல்லியடிச் சந்தியில் ஒரு றப்பர் முத்திரை செய்வித்தேன்.
அறுநூறு ரூபாய், என் காசு.
எழுதுபொருள் செலவுக்கும்
திறைசேரி இன்னும் விரலசைக்கவில்லை.

கொழும்பில் பாதீட்டின் இரண்டாம் வாசிப்பு
மூன்றாம் முறையும் ஒத்திவைக்கப்பட்டிருந்தது.
ஐந்து பேர் வெளிநடப்பு.
இரண்டு பேர் எந்தப் பக்கமென்று
அவர்களுக்கே தெரியாதாம்.
தேத்தண்ணிக்கடை வானொலி
இதைச் சிரிக்காமல் வாசித்தது.

என் யன்னல் ஒரு முழ அகலம்.
ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் வரும்.
புஸ்பநாதன் வந்தார், மகளின் வலிப்புப் பாணிக்கு.
"எப்ப தம்பி வரும்?"
"பாதீடு வந்தாப் பிறகு, ஐயா."
"அது எந்த லொறியில வாறது?"
பகிடி விடுகிறாரோ என்று நிமிர்ந்தேன்.
இல்லை.
குத்தினேன்.

வெளியில் அந்தப் பாணி
ஒரு போத்தல் ஈராயிரத்து எண்ணூறு.
வாடை இறங்கிப் பன்னிரண்டு நாள்,
அவருடைய வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடக்கிறது.
கால்போத்தல் விற்பீர்களா என்று
பார்மசியில் கேட்டாராம்.

அருந்தவச்செல்வி சங்கக்கடைக் காசாளர்.
தன் இன்சுலினுக்குத்தான் வந்தாள்.
வாசற்படியில் கசங்கிக் கிடந்த துண்டுகளைக்
குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.
மறுநாள் ஒரு பிஸ்கற் பெட்டியோடு வந்து
சைக்கிள் நிறுத்துமிடத்தில் கதிரை போட்டு இருந்தாள்.
"எறியாதேங்கோ, இஞ்ச தாங்கோ.
பேர், ஊர், எத்தினை நாளா இல்லை,
வெளியில எவ்வளவு குடுத்தனீங்கள்?"
சில்லறை சரிவராவிட்டால்
நித்திரை வராத பிறவி அவள்.

வாங்கக் காசிருந்தவர்கள் போட்டோக்கொப்பி தந்தார்கள்.
இல்லாதவர்கள் அசலையே தந்தார்கள்.
பெட்டியில் அசல்தான் கூட.

பிறகு மனுவோடு யன்னலுக்கு வந்தாள்.
தாபனக் கோவை எனக்குப் பாடம்:
அரச ஊழியனுக்கு அபிப்பிராயம்
ஓய்வூதியத்துக்குப் பிறகுதான்.
தலையை ஆட்டினேன்.
அவள் கோபிக்கவில்லை. பெட்டியைத் தட்டினாள்.
"உங்கட கையொப்பம் இதுக்குள்ள
ஆயிரத்து நாற்பத்தாறு தரம் கிடக்கு."

மழைக்கு யூரியாப் பையால் பெட்டியை மூடி
எழுநூற்றைம்பதாம் நம்பர் பஸ்ஸில் நாலு பேர்
கச்சேரிக்குப் போனார்கள்.
புஸ்பநாதன் மடியில் பெட்டி.
மூன்று மணித்தியாலம் விறாந்தையில் இருத்தினார்களாம்.
அவள் சும்மா இருக்கவில்லை.
துண்டுகளை எடுத்து உரத்து வாசித்தாளாம்,
பேரும் ஊரும் மருந்தும்,
காணி அலுவலாய் வந்த சனம் திரும்பிப் பார்க்க.
"அங்க இரண்டாம் வாசிப்பு நடக்கட்டும்.
இது முதலாம் வாசிப்பு."

அதிகாரி கெட்டவர் அல்லர்.
"ஒரு பக்கத்தில் சுருக்கித் தர முடியாதா, அம்மா?"
"சுருக்கினால் ஆரை விடுறது, சேர்?"
அவர் பெற்றுக்கொண்டோம் என்று குத்திக் கொடுத்தார்.
அவள் அதையும் எனக்குக் கொண்டுவந்து காட்டினாள்.
அதே கோணல் 'கொ'. அதே நெல்லியடிக் கடை.

ஒரு நள்ளிரவில்
இடைக்காலக் கணக்கறிக்கை நிறைவேறியதாகச் சொன்னார்கள்.
எங்கள் பெட்டியாலா,
அந்த இரண்டு பேருக்கும் ஏதாவது கிடைத்ததாலா,
நானறியேன்.
அடுத்த புதன் லொறி வந்தது.
இன்சுலின் இல்லை.
வலிப்புப் பாணி அறுபது போத்தல்.
கொப்பியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

யாருக்குக் கொடுப்பதென்று
சுற்றறிக்கை எதுவும் சொல்லவில்லை.
புஸ்பநாதனுக்கு ஒன்று கொடுத்தேன்.
அவருக்குப் பின்னால் நின்ற பிள்ளைக்காரியை
இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சைக்கிள்களுக்கு நடுவே
புதுப் பெட்டி, இரண்டாவது கொப்பி.
நான் மைத்தட்டில் முத்திரையை
முன்னையிலும் ஆழமாக ஒற்றி எடுக்கிறேன்,
எழும்பி நின்று அழுத்துகிறேன்.
போட்டோக்கொப்பியிலும்
எழுத்துத் தெரியவேண்டும்.