இறக்கம் பார்த்து நிறுத்துகிறவள்

மதுரையில் மேடு பள்ளம் கிடையாது என்பவர்கள்
செல்ஃப் எடுக்காத காரை வைத்திருந்ததில்லை.
எனக்குத் தெரியும்
எல்லிஸ் நகர்ப் பாலத்தின் இறக்கம்,
செல்லூர் ரேஷன் கடை முன்னால்
முக்கால் அடிச் சரிவு,
வில்லாபுரம் ஹவுசிங் போர்டில்
மூன்றாம் பிளாக் குப்பைத்தொட்டி ஓரம்
(நாய்கள் எழுந்து இடம் தரவேண்டும்).
அங்கேதான் நிறுத்துவேன்,
நோயாளி வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தாலும்.
கால்களில் கட்டும் மணல் பைகளைத் தூக்கிக்கொண்டு
வெயிலில் நடப்பேன்.
"பிசியோ அக்காவுக்குக் காரு இருக்கு,
நடந்துதான் வருது" என்று
இன்னாசியம்மாள் தன் மூட்டிடம் சொல்வாள்.

சாவியைத் திருப்பினால்
டேஷ்போர்டில் எல்லா விளக்கும் வரும்.
ஹாரன் அடிக்கும். வைப்பர்கூட
ஒரு கும்பிடு போட்டுப் படுக்கும்.
உள்ளே எங்கோ ஒரு டிக்.
பல்லி சொன்ன மாதிரி.
மறுபடி. டிக்.
ஏழாவதிலோ பதினொன்றாவதிலோ
ஒன்றுமே நடக்காததுபோல் உறுமும்.
அதுதான் எரிச்சல்.
ஒரேயடியாகச் செத்திருந்தால்
ஆட்டோவுக்குப் பழகியிருப்பேன்.

மகபூப்பாளையம் சிக்கந்தர் பட்டறைக்கு
நான்கு முறை கொண்டுபோனேன்.
நான்கு முறையும் அவன் விரல் பட்டதும் எடுத்தது.
"நல்லாத்தானக்கா இருக்கு."
டெர்மினலைச் சுரண்டினான், ரிலே மாற்றினான்,
எர்த் வயரை இழுத்துப் பார்த்தான்,
டீ வாங்கித் தந்தான்.
வெளியே வந்து முதல் சிக்னலிலேயே அணைந்தது.
பின்னால் நின்ற டவுன் பஸ்
என் பரம்பரையை விசாரித்தது.

துளசிராமுக்கு வலது கை.
தியேட்டர் வாசலில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்த கை.
நான் இல்லாதபோது கட்டைவிரல் அசைகிறதாம்,
மருமகள் சத்தியம் செய்கிறாள்.
என் முன்னால் அசையாது.
"இன்னொரு தடவை சார்."
நெற்றி நரம்பு புடைத்து, உதடு கோணி,
எல்லா விளக்கும் எரிகிறது முகத்தில்.
"இன்னொரு தடவை."
அந்தப் பொறுமைக் குரலை
எங்கே பழகினேன் என்பது
என் காருக்கு மட்டும் தெரியும்.

ஐந்தாம் முறை சிக்கந்தர் காரைப் பார்க்கவில்லை.
சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்து
கறிக்கடைக்காரன் மாதிரி எடை பார்த்தான்.
"இம்புட்டையுமா தொங்க விட்டு ஓட்டுறீங்க?
ஆடி ஆடி
உள்ளாற பித்தளையத் தின்னுருச்சுக்கா."

பதினாறு சாவிகள்.
எழுந்து வந்து கதவு திறக்க முடியாதவர்கள்
என்னிடம் கொடுத்து வைத்தவை.
நெயில் பாலிஷ் பூசியது இன்னாசியம்மாள்.
கயிறு கட்டியது துளசிராம்.
நீளமானது அண்ணா நகர் பரமானந்தம்,
சித்திரையில் போய்விட்டார்.
வீட்டையும் இடித்துவிட்டார்கள்.
கதவில்லாத சாவியும்
அதே எடைதான் இருக்கிறது.

புது பேரல் சனிக்கிழமை வரும் என்றான்.
அதுவரைக்கும் கார்ச் சாவியைத் தனியே
ஒரு ரப்பர் பேண்டில் கோத்துத் தந்தான்.
மற்றவற்றை டிபன் பாக்ஸில் போட்டு
பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினேன்.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது.

வியாழன் சாயங்காலம், தூறல்.
பாலத்து இறக்கத்தில் இடமில்லை,
யார் கல்யாணத்துக்கோ வந்த வேன்கள்.
சமதரையில் நிறுத்திப் போனேன், நம்பி.
திரும்பி வந்து திருப்பினேன்.
டிக்.

பேண்டு செட் பையன்கள் மூன்று பேர்
நனையக்கூடாது என்று
ட்ரம்பெட்டைப் பின் சீட்டில் வைத்துவிட்டு
"ரெண்டாவது கியர்ல போடுக்கா,
சொல்றப்ப கிளட்ச்ச விடு" என்று
தோள் கொடுத்தார்கள்.
"முதுக வளைக்காதீங்கடா, முட்டிய மடக்குங்க"
என்று கத்தினேன், பழக்கதோஷம்.

விட்டேன். எடுத்தது.
நிறுத்தினால் போய்விடும் என்பதால்
நன்றி சொல்ல நிற்கவில்லை,
கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
அவர்களும் கையை ஆட்டினார்கள்,
ரொம்ப நேரம், ஓடிக்கொண்டே.

காளவாசல் தாண்டித்தான் பார்த்தேன்,
பின் சீட்டில் ட்ரம்பெட்.