எண்பத்தெட்டாம் ட்ராக்

ஞாயிறு இரவு பத்து மணி.
லேடீஸ் சீட்டுக்குப் பின்னால் பழைய விதைக் கிடங்கின் மாடி,
முட்டை அட்டை ஒட்டிய அறை.
சிவப்பு விளக்கு எரிந்தால் நான் மேடம்.
அணைந்தால்
காப்பி குடோனில் மூட்டை எடை எழுதும் ஃபிலோமினா.

"கன்ட்ரி மியூசிக்னா என்னம்மா?"
முதல் நாளே கேட்டார் மேலாளர் சடையாண்டி.
நாட்டுப் பாட்டு சார்.
"எந்த நாட்டு?"
அவங்க நாட்டு நாட்டுப் பாட்டு.
"ஆல்ட் கன்ட்ரின்னு வேற எழுதியிருக்கியே?"
நாட்டுக்கோழிக்கும் பண்ணைக்கோழிக்கும் பொறந்தது சார்,
கொஞ்சம் பறக்கும்.
கையெழுத்துப் போட்டுவிட்டார்.
அந்த நேரத்தை வேறு யாரும் கேட்டிருக்கவில்லை.

பாட்டெல்லாம் ஒரே பென்டிரைவில்.
நாகலூர் சாலை விடுதியில்
நான் படுக்கை விரிப்பு மாற்றிய காலத்தில்
தலையணை உறைக்குள் கிடந்தது.
மூன்று மாதம் வரவேற்பு மேசையிலேயே வைத்திருந்தோம்,
யாரும் தேடி வரவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு ட்ராக், ஒன்றுக்கும் பெயர் இல்லை.
ஆகவே பெயர் நான்தான் வைக்கிறேன்.
அடுத்து வருபவர், தொண்டையில் சரளை கொட்டியவர்.
அவருக்குப் பின் மூக்கால் அழும் அக்கா, தொடர்ந்து மூன்று.
இடையில் ஒரு கம்பி
ஈரத்துணியைப் பிழிவதுபோல் நீண்டு நீண்டு வடியும்.
அதற்கு ஸ்டீல் கிட்டார் என்று பெயராம்,
இரும்பாலை இரவு ஷிப்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார்.
"எங்க ஸ்டீல் இப்படி அழாது மேடம்,
ஆறும்போது லேசா முனகும், அவ்வளவுதான்."

எனக்கு இங்கிலீஷ் பாதி.
லாரி புரியும், ரயில் புரியும்,
சிறை, மழை, கடன், விஸ்கி.
அவள் போய்விட்டாள் என்பது முதல் வரியிலேயே புரிந்துவிடும்.
எதற்குப் போனாள் என்பதைத்தான்
கடைசி வரை யாரும் சொல்வதில்லை.
கொண்டலாம்பட்டி பைபாஸில் டயர் ஆற நிறுத்தியிருந்த டிரைவர்:
"அந்தாளு என்ன லோடு ஏத்துறாரு,
இத்தனை நாளா வீட்டுக்குப் போகாம?"
தெரியலைங்க என்றேன், நேரலையில்.
"ஜவ்வரிசியா இருக்காது" என்றார், யோசித்து.

ஆவணியில் ஒரு நாள் கை தவறி எண்பத்தெட்டு ஓடியது.
அது பாட்டே இல்லை.
இல்லை, பாட்டுதான், யாரோ வீட்டில் பாடியது.
நாற்காலி கிறீச்சிடுகிறது.
சுருதி கூட்டுகிறான், கூடவில்லை.
இரண்டு வரி. மூன்றாவது மறந்துபோகிறது.
தூரத்தில் நாய்.
யாரிடமோ ஸாரி என்கிறான்.
மறுபடி முதலிலிருந்து, மறுபடி அதே இடம்.
பிறகு கதவு.
பிறகு நாற்பது நொடி வெறும் அறை.

மூன்று நொடிக்கு மேல் மௌனம் கூடாது,
நிலைய விதி, சுவரில் ஒட்டியிருக்கிறது.
நான் டீ கிளாஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஏழு அழைப்புகள்.
அதுவரை ஆறு மாதத்தில் மொத்தமே ஒன்பது.
செம்மடுவிலிருந்து ஒரு நர்ஸ்: "அவர் திரும்பி வந்தாரா?"
அஸ்தம்பட்டி ஏடிஎம் காவலாளிக்கு அந்த மூன்றாவது வரி வேண்டும்.
ஒருவர் பேசவே இல்லை,
பின்னால் மிக்ஸி ஓடியது, ராத்திரி பத்தே முக்காலுக்கு.
கொலுசுக் கடைக்காரர் மட்டும்
மறுநாளே விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார்.
"கரண்ட் செலவு பண்ணி கதவு சாத்துற சத்தமா போடுவ?"
சடையாண்டி சாருக்கு இன்னும் ஆறவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு, கடைசியாக, இப்போது அதுதான்.

நம் அலை
பதினாலாம் கொண்டை ஊசி வளைவில் அறுந்துவிடும்,
பாறை மறைக்கிறது.
நேற்று நாய் குரைக்கும் இடம் வந்தபோது
ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
பனி விலகிய கிழிசலில் சேலம் சிந்திக் கிடந்தது.
மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஜோடி விளக்கு
பதினாலுக்கு முன்னால் ஓரங்கட்டி நின்றது.
ஸாரி என்றான்.
கதவு சாத்தியது.
அறை ஓடி முடியும் வரை
அந்த விளக்கு நகரவில்லை.

பஞ்சராகவும் இருக்கலாம்.