பெட்டி முப்பத்தொன்று, உறை ஒன்பது

கிருஷ்ணகிரி, மாங்கூழ் கம்பெனிக்கு மேல்மாடி.
படத்துக்கு அறுபது பைசா.
செத்துப்போன மானுடவியல்காரி ஒருத்தி
மெக்சிகோவில் நாற்பது வருஷம் சேர்த்ததற்கு
நான் எண் போடுகிறேன்.

முகமூடி. சோளக்கதிர்.
கைநாட்டு வைத்த நில மனு.
கோழி வாங்கிய கணக்குச் சீட்டு,
அது அவளுடையது, அதற்கும் எண் உண்டு.

உறை ஒன்பதில் ஒரு கல்லறை,
மண் தெரியாமல் செண்டுமல்லி.
படத்தின் முதுகில் பென்சிலால்: செம்பசூச்சில்.
‘செம்’ வரைக்கும் தமிழாக வாசித்தேன்,
அப்புறம் வழுக்கிவிட்டது.

காலையில்தான் அண்ணன் திம்மராயன்
ராயக்கோட்டை மண்டியில் கிலோ நாலு ரூபாய் என்றதும்
மூன்று மூட்டையை ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்தான்.
மாடுகூட முகர்ந்துவிட்டுப் போனதாம்.

குறிச்சொல் பட்டியலில்
சாவு இருக்கிறது, சடங்கு இருக்கிறது, பூ இருக்கிறது.
விலை இல்லை.

படத்தைப் பெரிதாக்கினேன்.
கல்லறை ஓரமாக ஒரு பையன்
வெயிலுக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்து நிற்கிறான்.
காலிச் சாக்கு.
எல்லாம் விற்றுவிட்டான் போலிருக்கிறது,
அல்லது அங்கேயும் ஓர் ஏரிக்கரை.

‘அடையாளம் தெரியாத சிறுவன்’ என்று அடித்தேன்.
அடுத்த படம்.